உப்பு பார்க்கிற அம்மா

அருள்பிரகாசம் மேஸ்திரி நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததைக் கேட்டபிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பசி என்று ஒருத்தர் வந்து நின்றால் தன் தட்டையே எடுத்து நீட்டிவிடுவார். நீட்டியதை மறுநாள் டீக்கடையில் நாலு பேருக்குச் சொல்லாமலும் இருக்கமாட்டார். அந்தச் சின்னப் பெருமையை மரக்காணத்தில் யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. கொடுக்கிற கை, கொஞ்சம் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் அந்தக் கைக்கு வேலை அதிகம். புயல் வந்து போனதில் உப்பளம் பூராவும் சேறு. வழக்கமாகப் பொங்கல் முடிந்த கையோடு பாத்தி மிதித்து, தண்ணீர் கட்டி, உப்பு வாரத் தயாராகிவிடுவார்கள். இந்தத் தடவை மாசி பிறந்தும் வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. வேலை இல்லை, கூலி இல்லை. ரேஷனில் அரிசி கொடுக்கிறார்கள்தான். அரிசியைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? பருப்பு, எண்ணெய், வெங்காயம் எல்லாம் ஏறின ஏற்றத்தில் கடைப்பக்கம் போகவே ஜனங்கள் கூசினார்கள். மிளகாய்த்தூளைச் சோற்றில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. பாதி மாசத்தில் அந்த அரிசியும் தீர்ந்துவிடும்.

அப்போதுதான் மேஸ்திரி மாதா கோயிலை ஒட்டின தகரக் கொட்டகையில் கஞ்சித் தொட்டி திறந்தார். மரக்காணம் பஜாரில் கடை கடையாக ஏறி அரிசி, பருப்பு, தேங்காய் என்று கேட்டு வாங்கிவந்தார். மத்தியானம் ஆனால் அண்டாவுக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, வருகிற பாத்திரத்திலெல்லாம் தானே ஊற்றுவார். கரண்டியை வேறு யாரிடமும் தரமாட்டார்.

கடைக்காரர்கள் முதலில் கொடுத்தார்கள். பிறகு பாதியாகக் கொடுத்தார்கள். அதற்கப்புறம், "எண்ணெ வெலைய நீங்களே பாக்குறீங்களே மேஸ்திரி, எங்க வியாபாரமே படுத்துகினு இருக்குது" என்று கையை விரித்தார்கள். ஒருநாள் அண்டா பாதிக்கு மேல் நிறையவில்லை. வரிசையில் கடைசியில் நின்ற சிலர் வெறும் பாத்திரத்தோடு திரும்பினார்கள். மேஸ்திரிக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் விடிந்ததும் தன் வீட்டு அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"இன்னாங்க, அப்ப நமக்கு?" என்றாள் அவர் மனைவி இன்னாசிமேரி.

"நமக்கு என்னா மேரி? மேஸ்திரி வூட்ல பஞ்சமா? இன்னும் நாலு நாள்ல பாத்தி தொடங்கிடும்."

"நாலு நாள் நாலு நாள்னு தையிலருந்து சொல்றீங்க."

அவர் சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டார். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். வாசலிலிருந்து திரும்பி, முக்கியமான ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "கஞ்சித் தொட்டி வரிசைல நம்ம வூட்டு ஆளுங்க நிக்கக் கூடாது. அவனே போட்டு அவனே துன்றான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு."

இன்னாசிமேரி தலையை ஆட்டினாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் வீட்டிலிருந்து போவது வழக்கமாகிவிட்டது. ரேஷன் அரிசி வந்த அன்றே பாதி கொட்டகைக்குப் போனது. பருப்பு டப்பா போனது. அவள் மழைக்காலத்துக்கென்று வாங்கிவைத்திருந்த கருவாடு போனது. தவக்காலம் பிறந்தது. விபூதிப் புதன் அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காரவில்லை.

"நீ துன்னல?"

"ஒருசந்திங்க. ஒருவேளை மத்தியானமே முடிஞ்சிடுச்சு."

"இன்னிக்கா?"

"தவசு முடியற வரைக்கும். பாத்தி தொடங்கணும்னு வேண்டிக்கினேன்."

மேஸ்திரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில், "எங்க வூட்டம்மா தவசு பூராவும் ஒருசந்தி. நான் வெளிய ஊத்துறேன், அது உள்ள ஜெபம் பண்ணுது" என்று சொன்னார். கேட்டவர்கள் டீயை ஊதிக் குடித்தார்கள்.

ஒன்று மட்டும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. விரதம் இருக்கிற பெண்பிள்ளை கையில் இப்படி ஒரு ருசியா! கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வீட்டில் கஞ்சிதான். ஆனால் என்ன கஞ்சி! குருணை அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, பூண்டும் வெந்தயமும் புதினாவும் மணக்க, தேங்காய்ப்பால் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். கொட்டகையில் தான் ஊற்றுவதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"மேரி, கல்யாண வூடு மாதிரி கமகமங்குது. நம்ம தொட்டிக்கும் நீதான் பக்குவம் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் இன்னாசிமேரி, முதுகைக் காட்டிக்கொண்டு.

ஏழாவது படிக்கிற மகள் ஜெனிதா தட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். அவர் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். தூக்குவாளியை இன்னாசிமேரி சுரண்டுகிற சத்தம் கேட்டது. அடுப்பு பற்றவைத்த வாசனை வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் அவருடைய மூக்கு ஒருநாளும் தேடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், அவரிடம் பாத்தி வேலை செய்கிற சடையப்பன் ஒருநாள் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, ஒன்னு சொல்லுவேன், கோவிச்சிக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"உங்க தெரு பொம்பள ஒன்னு தெனம் கூனிமேட்டுப் பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி வாங்கிகினு வருது. பஸ்ல போயி. நான் கண்ணால பாத்தேன்."

மேஸ்திரி டம்ளரை டக்கென்று கீழே வைத்தார். "எங்க தெருவா? நான் இங்க தொட்டி வச்சி ஊத்திகினு இருக்கேன், எங்க தெருக்காரி கூனிமேட்டுல போயி கையேந்துறாளா? யாருடா அவ?"

"அத என்னைய கேக்காதீங்க. நீங்களே ஒரு நடை போயிப் பாருங்க."

"பேரச் சொல்றா டேய்!"

"போயிப் பாருங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். டீக்குக் காசு கொடுக்கக்கூட மறந்துபோனான்.

மேஸ்திரி கொதித்துப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கொடிமரத்தடியில் நின்றுகொண்டு பேசினார். ஒரு தெருவின் மானத்தைப் பற்றிப் பேசினார். பசித்தால் தன் கதவைத் தட்டச் சொன்னார். "எந்நேரம்னாலும் தட்டுங்க! அடுத்த ஊர்ல போயி தூக்கு நீட்டுறவங்க, என் மூஞ்சில காறித் துப்புறாங்கன்னுதான் அர்த்தம்!" என்று கத்தினபோது குரல் உடைந்துவிட்டது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள். இன்னாசிமேரியும் அங்கேதான் நின்றாள். தன் பேச்சு ஜனங்கள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார். இறங்கியது உண்மை, எங்கே இறங்கியது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கோபம் ஆறினதும் இரக்கம் வந்தது. அவர் சுபாவமே அப்படி. வெட்கத்தை விட்டு அத்தனை தூரம் போகிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன கஷ்டமோ! திங்கட்கிழமை மத்தியானம் தொட்டி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார்.

"மேரி, அரிசி எவ்ளோ இருக்குது?"

அவள் உள்ளே போய் டிரம்மைச் சாய்த்தாள். தகரத்தில் படி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு துணிப்பையில் கொண்டுவந்தாள். பை அடியில் மட்டும் கனத்தது.

"இவ்ளோதான். யாருக்கு?"

"ஒரு பாவப்பட்ட குடும்பம். சோறு இல்லாம கெடக்குது. யாருகிட்டயும் சொல்லாம மறச்சி வச்சிருக்குதுங்க. உனுக்குத் தெரியாது."

இன்னாசிமேரி அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பையின் வாயைச் சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

"நேரா அங்கதான் போறீங்களா?"

"பாண்டி பக்கம் ஒரு வேலை. அப்புடியே போயிட்டு வந்துடுறேன்" என்றார். கூனிமேடு என்று சொல்லவில்லை. சொன்னால் அவளும் வருத்தப்படுவாள் என்று மறைத்தார். பையை டிவிஎஸ் வண்டியின் முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஈசிஆர் ரோட்டில் ஏறினார்.

கூனிமேட்டில் பள்ளிவாசலுக்குப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பெரிய தேக்சாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவர் கமாலுத்தீன் பாய். வயசானவர், விடிவதற்கு முன்னால் சாப்பிட்டவர், வியர்வை தாடியிலிருந்து சொட்டியது. வெளியே வேப்பமர நிழலில் வரிசை சேர ஆரம்பித்திருந்தது. தலையில் தட்டம் போட்ட பெண்களும் போடாத பெண்களும் கலந்து நின்றார்கள். மேஸ்திரி தன்னை யாரென்று சொன்னதும் பாய் முகம் மலர்ந்தது.

"மரக்காணத்துல கஞ்சித் தொட்டி நடத்துறீங்களே, அந்த மேஸ்திரியா? கேள்விப்பட்டிருக்கேன். மாஷா அல்லாஹ்! உக்காருங்க."

மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வந்த விஷயத்தைச் சொன்னார்.

"எங்க தெரு பொம்பள ஒன்னு இங்க வருதாமே, பாய்."

"ஒன்னுன்னு இல்லீங்க. உங்க ஊரு, எக்கியார்குப்பம், எங்கெங்கிருந்தோ வர்றாங்க. போன வருஷத்துக்கு இந்த வருஷம் ரெண்டு பங்கு கூட்டம். கறி விக்கிற வெலைக்குக் கறியே போடல, வெறும் காய்தான். இருந்தாலும் வர்றாங்க. நாங்க யாரையும் ஊரு கேக்கறதில்ல."

பல பேர் என்று கேட்டதும் மேஸ்திரி முகம் சுருங்கிவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தார். வரிசையில் ரெண்டு மூன்று முக்காடுகள் சட்டென்று மறுபக்கம் திரும்பின.

"ஆனா ஒருநாள் விடாம வர்றது ஒரு அம்மாதான்" என்றார் பாய். "உப்பு பாக்குற அம்மா."

"உப்பு பாக்குற அம்மாவா?"

"நாங்கெல்லாம் நோன்புல இருக்கோமா, கஞ்சிய நாக்குல வச்சிப் பாக்க முடியாது. சின்னப் பசங்ககிட்ட குடுத்தா எல்லாத்தையும் சூப்பர்னு சொல்லிட்டு ஓடிடும். மொத நாள் அந்தம்மா முன்னாடியே வந்து நின்னுச்சு. உப்பளத்துப் பக்கம்னு சொன்னுச்சு. அட, உப்பு பாக்க இதவிட ஆளு ஏதுன்னு உள்ளங்கையில ஒரு கரண்டி ஊத்துனேன். நக்கிப் பாத்துட்டு, 'தெரியல பாய், இன்னொரு கரண்டி'ன்னுச்சு. ஊத்துனேன். 'இன்னும் சரியா தெரியல'ன்னுச்சு. உப்பளத்துக்காரிக்கே உப்பு தெரியலடான்னு பசங்க சிரிச்சானுங்க. எனுக்கும் சிரிப்புதான். அப்புறம்தான் கையப் பாத்தேன்."

பாய் துடுப்பை நிறுத்தினார்.

"கொதிக்கிற கஞ்சி, மேஸ்திரி. உள்ளங்கை செவந்து போயிருக்குது. அந்தம்மா கைய எடுக்கல. இன்னும் ஊத்துவாங்களான்னு நீட்டிகினே நிக்குது."

மேஸ்திரி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். தன் தெருவிலா? தான் இருக்கிற தெருவிலா?

"அன்னையிலருந்து ஒரு சின்ன டம்ளர்ல ஊத்திக் குடுத்து, உப்பு பாத்துச் சொல்லும்மான்னு சொல்லிடுவேன். சும்மா குடுத்தா வாங்காது பாருங்க. அதக் குடிச்சிட்டு, 'சரியா இருக்குது பாய்'னு சொல்லும். எனுக்குத் தெரிஞ்சி அந்தம்மா நாள் பூராவும் துன்றது அந்த டம்ளரு ஒன்னுதான். தூக்குல ஊத்துறதத் தொடாது. வூட்டுக்குன்னு சொல்லும்."

"வூட்ல யாரு யாராம்?"

"பொண்ணு ஒன்னு இருக்குதாம். வீட்டுக்காரரு இன்னா பண்றாருன்னு கேட்டேன். 'இல்ல பாய்'ன்னுச்சு. அதுக்கு மேல கேக்கறது மரியாதை இல்லன்னு விட்டுட்டேன். அதனால தூக்குல ரெண்டு பேருக்குத்தான் ஊத்துவேன். அதையே மெதுவா, 'இன்னும் கொஞ்சம்'னு கேக்கும்."

புருஷன் இல்லாதவள், ஒரே பெண். மேஸ்திரி தெருவிலுள்ள விதவைகளை ஒவ்வொருத்தியாக மனசில் நிறுத்திப் பார்த்தார். சரஸ்வதிக்கு எல்லாம் பையன்கள். சகாயசெல்விக்குப் பிள்ளையே கிடையாது. யார் இவள்? தான் தினமும் அண்டாவுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் எந்தக் கதவுக்குள் இவள் பசியோடு உட்கார்ந்திருந்தாள்? ஞாயிற்றுக்கிழமை தான் கத்தின கத்தலை அவளும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்குக் கூசியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், இனிமே அந்தம்மா இங்க வர வேணாம். நான் பாத்துக்கறேன். அரிசி கொண்டாந்திருக்கேன், வண்டில மாட்டியிருக்குது. என் கையால குடுத்துட்டுப் போறேன்."

"நல்லா இருங்க" என்றார் பாய். ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இன்னிக்குப் பஸ்ஸு லேட்டு போல. கஞ்சி எறக்குற நேரமாச்சே. மேஸ்திரி, உங்களுக்கு நோன்பு இல்லியே? நீங்கதான் இன்னிக்கு உப்பு பாக்கணும்."

மேஸ்திரி வலது கையை நீட்டினார். உள்ளங்கையில் கஞ்சி விழுந்தது. சூடு சுரீரென்றது. இந்தச் சூட்டிலா கையை எடுக்காமல் நின்றாள் என்று நினைத்துக்கொண்டே வாயில் வைத்தார்.

பூண்டு. வெந்தயம். புதினா. தேங்காய்ப்பால் நாக்கில் வழுக்கியது.

முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது மேரி வைக்கிற கஞ்சி ஆச்சே, இவர்களுக்கு எப்படி இந்தப் பக்குவம் வந்தது என்றுதான் தோன்றியது. மேரி இங்கே வந்து கற்றுக்கொடுத்தாளா? இல்லை, மேரி இங்கேயிருந்து கற்றுக்கொண்டாளா? மனசு அந்த வழியிலேயே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தது. வேறு வழியில் போக அதற்குப் பயமாக இருந்தது. பிறகு தூக்குவாளியைச் சுரண்டுகிற சத்தம் காதில் விழுந்தது. அடுப்பு எரியாத சமையலறை கண்ணுக்குத் தெரிந்தது. தன் கை மறுபடியும் மறுபடியும் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து மேரி" என்று கேட்டது தெரிந்தது.

ரெண்டு பேருக்கு ஊற்றின கஞ்சி. ஜெனிதாவுக்கு ஒன்று. தனக்கு ஒன்று.

மேஸ்திரி கொட்டகையின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் தொங்குகிற பை ஞாபகம் வந்தது. சோறு இல்லாமல் கிடக்கிற குடும்பத்துக்கென்று, அந்தக் குடும்பத்திடமே கேட்டு வாங்கி, டிரம்மைச் சுரண்டவைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவளும் பையின் வாயைச் சுருட்டிக் கொடுத்தாளே! கத்தியிருக்கக் கூடாதா? பையை மூஞ்சியில் விட்டெறிந்திருக்கக் கூடாதா?

"இன்னா மேஸ்திரி, மொகம் இப்புடி ஆயிடுச்சு? உப்பு கரிக்குதா?"

ரோட்டில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது.

இன்னாசிமேரி வேகமாக நடந்து வந்தாள். தலையில் முக்காடு, இடுப்பில் தூக்குவாளி. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்தாள். தூணின் நிழலில் நின்றவரை அவள் முதலில் பார்க்கவில்லை.

"லேட்டாயிடுச்சு பாய். பஸ்ஸு வரல" என்றாள், மூச்சு வாங்க.

"பரவால்லம்மா. இன்னிக்கு உப்பு இவரு பாத்துட்டாரு."

அவள் திரும்பினாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய முகம் செத்துப்போனது. பிறகு பார்வை மெதுவாக இறங்கி அவர் கையில் வந்து நின்றது. உள்ளங்கையில் கஞ்சியின் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டிக்கொண்டோம் என்ற பயம் அவள் கண்ணில் ஒரு கணம்தான் இருந்தது. அதற்கப்புறம் இருந்தது வேறு. தனக்கென்று இருந்த அந்த ஒரு டம்ளர் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மேஸ்திரி தன் மனைவியின் முகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

"சரி பாய்" என்று அவள் தூக்கை நீட்டினாள். "ரெண்டு பேருக்கு."

பாய் கரண்டியை எடுத்தார். மேஸ்திரி தூணை விட்டு முன்னால் வந்தார். வரிசையில் அவர் தெருப் பெண்கள் நிற்கிறார்கள் என்று தெரியும். தான் இப்போது வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் மரக்காணம் பூராவும் பேசும் என்றும் தெரியும். பேசாமல் போய்விட்டால் பாயைப் பொறுத்தவரை அவர் செத்தவராகவே இருந்துவிடலாம். அதுதான் சுலபம்.

"பாய்" என்றார். "இவங்க வூட்டுக்காரரு நான்தான்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. கமாலுத்தீன் பாய் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், 'மாஷா அல்லாஹ்' என்று சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது.

இன்னாசிமேரி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நான் பொய் சொல்லல, பாய்" என்றாள். "இல்லன்னுதானே சொன்னேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மேஸ்திரிக்கு அவள் தன்னை நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. எத்தனையோ பேர் பசியை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கிறவர் என்று பேரெடுத்தவர். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளின் பசி தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். 'அப்ப நமக்கு?' என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். அவர் சிரித்தார்.

பாய் ஒரு பெரிய கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார், விளிம்புவரைக்கும் கஞ்சி ஊற்றினார். அதை அவளிடம் கொடுக்கவில்லை. மேஸ்திரியின் கையில் வைத்தார்.

"குடுங்க" என்றார்.

விளிம்பில் கஞ்சி தளும்பி விரலில் வழிந்தது. அவர் ரெண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினார். "மேரி" என்று மட்டும் சொன்னார்.

அவள் வாங்கிக்கொண்டாள். கொட்டகைச் சுவரை ஒட்டி மணலில் உட்கார்ந்தாள். ஊதி ஆற்றவில்லை, வாயை வைத்துக் குடித்தாள். கழுத்து நரம்பு புடைத்து ஏறி இறங்கியது. கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து அந்தக் கையையும் நக்கினாள். மேஸ்திரி தன் கொட்டகையில் எவ்வளவோ பேர் சாப்பிடுவதைப் பார்த்தவர். இப்படி யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

"சூடு, மெதுவா" என்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. அடியை விரலால் வழித்து முடித்தபிறகுதான் நிமிர்ந்தாள். அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தவள் போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு காலிக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் வேணும்" என்றாள்.

பாய் கரண்டியைத் தேக்சாவுக்குள் விட்டார். மேஸ்திரி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். முக்காடு போட்ட தன் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தரையும் தாண்டிப் போய், வரிசையின் கடைசியில் நின்றார்.